எள்ளலின் இரு திசை: பாரி ஹம்ப்ரீசின் எட்னா

நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு எள்ளலும் இளமையும் பேதைமையும் மடனும் நிலைக்களன்கள் எனத் தொல்காப்பியர் வகுத்தார். இவற்றுள் எள்ளலை விளக்கப் புகுந்த பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்து நகுதல் ஒன்று என அதனை இருகூறாக்கினார். மாணவர் பலரும் இவ்வுரையை வெறும் பகுப்பு எனக் கருதிக் கடந்து செல்வர். முதற்கூற்றிற்கு எடுத்துக்காட்டுத் தருதல் எளிது. வசையும் அங்கதமும் எம்மொழியிலும் உள. இரண்டாங் கூற்றிற்கோ எடுத்துக்காட்டு அரிது. எள்ளப்பட்டவன் அழுவான், அல்லது சினப்பான். அவன் நகுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடையாக நிற்கும் மேடைக்கலை ஒன்று ஆஸ்திரேலிய நாட்டில் தோன்றியது. பாரி ஹம்ப்ரீஸ் (1934-2023) என்னும் ஆடவர் அரை நூற்றாண்டிற்கு மேலாகப் புனைந்து நடித்த எட்னா எவரேஜ் என்னும் பெண்வேடமே அது.

எட்னாவின் பிறப்பு வரலாறு சுவை மிக்கது. 1955-இல் மெல்போர்ன் யூனியன் அரங்கத்தைச் சார்ந்த நாடகக் குழுவினர், ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தை விக்டோரியா மாநிலத்துச் சிற்றூர்களில் நடத்திச் சென்றனர். பெண்ணொருத்தி ஆண்வேடம் பூணும் கதை அது. ஷேக்ஸ்பியர் காலத்திலோ அப்பெண்ணாகவே சிறுவன் ஒருவன் நடித்தான். அந்நாடகத்தோடு சென்ற வண்டியில் இவ்வேடம் கருக்கொண்டது பொருத்தமே. ஊர்தோறும் நாடகம் முடிந்தபின் அவ்வூர்ப் பெண்மணிகள் தேநீர் விருந்தளிப்பர். அவருள் ஒருவர் எழுந்து நன்றியுரை நிகழ்த்துவார். அடுத்த ஊருக்குச் செல்லும் வழியில், இளைஞரான ஹம்ப்ரீஸ் அக்குரலையும் அச்சொற்களையும் நடித்துக் காட்டித் தோழரை நகுவிப்பார். குழுவின் இயக்குநர் ரே லாலர், இதனை ஆண்டிறுதிக் கதம்ப நிகழ்ச்சிக்குரிய காட்சியாக எழுதித் தருமாறு கேட்டார். (ஆஸ்திரேலிய நாடக வரலாற்றில் திருப்பமாகக் கருதப்படும் 'பதினேழாம் பொம்மையின் கோடை' இந்த லாலர் எழுதியதே, அது அரங்கேறியதும் அதே ஆண்டில், அதே அரங்கில்.) காட்சியை எழுதிய ஹம்ப்ரீஸ், உடன் நடித்த சோயி கால்டுவெல் என்னும் நடிகைக்கே அவ்வேடம் உரியது என எண்ணினார். நீரே நடித்தல் வேண்டும் என்றார் லாலர். 1955 டிசம்பரில் திருமதி எவரேஜ் மேடையேறினார். மறு ஆண்டு மெல்போர்னில் நிகழவிருந்த ஒலிம்பிக் போட்டிக்கு வரும் வீரருள் ஒருவருக்குத் தம் இல்லத்தில் இடமளிக்க முன்வரும் இல்லத்தரசி அவர். வீட்டின் ஒவ்வோர் அறையையும் பெருமை பொங்க அவர் எடுத்துரைப்பதே காட்சி. பிறிதொரு நிகழ்ச்சி அதன்கண் இல்லை.

எவரேஜ் என்னும் பெயர், 'சராசரி' எனப் பொருள்படும் ஆவரேஜ் என்னும் ஆங்கிலச் சொல்லை அந்நாட்டார் ஒலிக்கும் முறையினின்று பிறந்தது. ஊர், மூனி பாண்ட்ஸ் என்னும் மெல்போர்ன் புறநகர். ஹம்ப்ரீஸ் வளர்ந்ததோ அதனினும் வளமான கேம்பர்வெல் பகுதி. தந்தையார் வீடு கட்டும் தொழிலர். அவ்வில்லத்தின் இயல்பை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றை அவர் தம் தன்வரலாற்றில் (1992) குறித்துள்ளார். சிறுவராய் இருந்தபோது அருமையாகச் சேர்த்த நூல்களை அன்னையார் ஓர் அறநிலையத்திற்கு எடுத்துக் கொடுத்துவிட்டார். மகன் வருந்திக் கேட்டபோது, படித்து முடித்தாயிற்றே என வியப்புடன் விடை கூறினாராம். அன்னையார்பால் தீய எண்ணம் இல்லை. நூல் என்பது ஒருமுறை படித்தற்குரியது என்னும் கொள்கை ஐயத்திற்கு இடமின்றி உள்ளத்தில் நிலைத்திருந்தது, அவ்வளவே. பிறர் கொளுத்தக் கொண்டு, கொண்டது விடாமை என மடனுக்கு உரையாசிரியர் கூறும் பொருளுக்கு இதனினும் சிறந்த காட்டு வேண்டுவதில்லை. பேதைமை அறிவின்மை, மடனோ கற்பிக்கப்பட்ட ஒன்றை இறுகப் பற்றுதல். முதற்கால எட்னாவின் நகை முழுதும் இம்மடன் பற்றியது. திரைச்சீலையின் நிறத்திலும், சமையலறையின் தூய்மையிலும், அயலார் மேற்கொள்ளும் ஐயத்திலும் அவர் கொண்டதை விடார்.

இங்கு ஒரு தடை எழும். ஆடவன் ஒருவன் பெண்ணுடை பூண்டு பெண்டிரின் பேச்சை நகையாக்குதல் பெண்ணினத்தை இழிப்பதன்றோ? இத்தடையைத் தள்ளிவிடல் ஆகாது. முதற்காலக் காட்சிகளில் இளைஞனொருவன் தன் அன்னையின் தலைமுறையைப் பழிதீர்த்துக்கொள்ளும் தொனி இருக்கவே செய்கின்றது. ஆயின் வேடத்தின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். நம் நாட்டு மேடைகளில் ஸ்திரீபார்ட் நடிகர் பெண்ணாகவே தோன்றுதல் சிறப்பெனக் கருதப்பட்டது. மராத்தி மேடையின் பால கந்தர்வர் (1888-1967) உடுத்த முறையைக் குலமகளிரே பின்பற்றினர். தி. க. சண்முகம் அவ்வையாராக நடித்த சிறப்பால் அப்பெயரே அவர்க்கு அடையாயிற்று. அவ்வேடங்களில் ஆண்மை மறைதல் வேண்டும். எட்னாவின் வேடமோ அவ்வகையினதன்று. நெடிய உருவமும், பெரிய கைகளும், மெல்லென்றதாகத் தொடங்கித் திடுமெனத் தாழ்ந்து ஒலிக்கும் குரலும் மறைக்கப்படவில்லை. இதற்கு நெருங்கிய உறவு மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையிற் காணும் பேடிக்கோலமே ஆகும். அங்கு ஆடுவோரின் தாடியையும் பூங்குழலையும் சாத்தனார் ஒருங்கே வருணித்தார். வீதியில் நின்று காண்போர் இரண்டனையும் ஒருங்கே கண்டனர். கோலம் என்பது கோலமென்றே அறியப்பட்டு நிற்றலால் காண்போர் ஏமாற்றப்படுவதில்லை. ஆங்கில நாட்டுக் கிறித்துமசு நாடகங்களில் முதுமகளாக நடித்த டான் லீனோ (1860-1904) முதலியோர் மரபும் இத்தகையதே. அம்மரபில் வந்த ஹம்ப்ரீஸ் அதற்குப் புதிதாகச் சேர்த்தது ஒன்று உண்டு. முதுமகள் வேடத்தார் பெரும்பாலும் ஏழைக் கிழவியராகவே வருவர். எட்னா வசதியுள்ள நடுத்தர வகுப்பினர். அரங்கில் வீற்றிருப்போரும் அவ்வகுப்பினரே.

ஹம்ப்ரீஸ் 1959-இல் இலண்டன் சென்றார். அங்கு எட்னாவைக் கண்டு எவரும் நகவில்லை. 1960-களின் தொடக்கத்தில் பீட்டர் குக்கின் எஸ்டாபிளிஷ்மென்ட் மன்றத்தில் அவ்வேடம் முற்றும் தோல்வியுற்றது. மடனைக் கண்டு நகுதற்கு அம்மடன் எதனைப் பற்றியது என அறிதல் வேண்டும். மூனி பாண்ட்ஸை அறியாதார்க்கு அத்திரைச்சீலையால் பயனென்? இடைக்காலத்தில் அவர் 'ஆலிவர்' இசைநாடகத்தில் சவப்பெட்டி செய்வோனாக நடித்தும், 'பிரைவேட் ஐ' இதழில் பாரி மெக்கன்சி என்னும் படக்கதைக்கு உரை எழுதியும் வாழ்ந்தார். குடியால் வாழ்வு சிதைந்த ஆண்டுகளும் அவையே. 1970-களின் தொடக்கத்தில் அதனை அறவே விட்டார், பின்னர்த் தொட்டிலர். எட்னாவின் பெருவளர்ச்சி அதன்பிறகே நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. 1974-இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றில் ஆஸ்திரேலியத் தலைமையமைச்சர் கஃப் விட்லம் தாமாகவே தோன்றி எட்னாவிற்கு 'டேம்' என்னும் பட்டம் சூட்டினார். நாட்டின் தலைமையமைச்சர் ஒரு வேடத்திற்குப் பட்டமளித்த விந்தையை வேறு எந்நாட்டு வரலாறு கொண்டுள்ளது?

1976-இல் இலண்டன் அப்பல்லோ அரங்கில் 'இல்லத்தரசி, பெருவிண்மீன்' என்னும் நிகழ்ச்சி வென்றது. இப்போது எட்னாவின் தலைமுடி ஊதா நிறம். மூக்குக்கண்ணாடி சிறகு விரித்தது போல்வது. ஆடை கண்ணைப் பறிப்பது. கோலம் மாறியதினும் பெரிதாக மாறியது எள்ளலின் திசை. முன்னர் அவையோர் எட்னாவை நோக்கி நகைத்தனர். இனி எட்னா அவையோரை நோக்கி நகையாடலானார். முன்வரிசையில் அமர்ந்த பெண்மணியிடம் உசாவுவார்: இல்லம் எங்குளது? படுக்கையறைச் சுவரின் நிறம் யாது? குளியலறை எத்தகையது? விடைகளை நினைவில் இருத்தி, அரைமணி கழித்து எதிர்பாரா இடத்தில் மீட்டும் எடுப்பார். மேல்மாடத்தில் குறைந்த விலை இருக்கையில் அமர்ந்தோரை இரவலர் என விளித்து அவர்பால் இரக்கம் காட்டுவார். கணவர் நார்மின் தீரா நோயைப் பெருமையுடன் விரிப்பார். தொலைக்காட்சியில் (1987 முதல்) புகழ் வாய்ந்த விருந்தினர் சிலரை இருக்கையில் அமருமுன்பே வெளியேற்றுவார். அருகே மேட்ஜ் என்னும் தோழி வாய் திறவாது அமர்ந்திருப்பாள். நிகழ்ச்சியின் முடிவில் கிளாடியோலை மலர்க்கொத்துகளை அவையில் வீசுவார். அவற்றைப் பிடித்தோர் எழுந்து நின்று, அவர் ஆணைப்படி மலர்களை அசைத்துப் பாடுவர்.

பேராசிரியர் கூறிய இரண்டாங் கூறு இங்கே தோன்றுகின்றது. எள்ளப்பட்ட பெண்மணி அழவில்லை, சினக்கவில்லை. அரங்கு நகும்போது தாமும் நகுகின்றார், பலகால் பிறரினும் மிகுதியாக. காரணம் யாது? தம்மை எள்ளும் எட்னாவே எள்ளற்குரியவர் என்பதை அவர் அறிவார். ஊதா முடியுடைய ஒருவர் தம் திரைச்சீலையின் நிறத்தைப் பழிக்கும்போது பழிச்சொல் சென்றவழியே திரும்பி வருகின்றது. எள்ளுவோர், எள்ளப்படுவோர் என்னும் இரு நிலையும் ஒரே கணத்தில் இருவரிடத்தும் நிற்கின்றன. இம்மீட்சியே எட்னாவின் கலை. ஜான் லார் என்னும் நாடகத் திறனாய்வாளர் எட்னாவைப் பற்றித் தனிநூல் (1991) எழுதியதும் இவ்வாற்றலைக் கருதியே ஆகும். (அவர்தம் தந்தை பெர்ட் லார் 1956-இல் அமெரிக்க மேடையில் பெக்கெட்டின் 'கோதோவை எதிர்பார்த்து' நாடகத்தில் எஸ்ட்ரகனாக நடித்தவர், 1957-இல் மெல்போர்னில் அவ்வேடத்தை ஏற்றவர் ஹம்ப்ரீஸ்.) நியூயார்க் நகரம் 1977-இல் எட்னாவைப் புறக்கணித்தது, 1999-இல் வரவேற்றது, மறு ஆண்டு சிறப்பு டோனி விருதும் வழங்கியது. இடைப்பட்ட காலத்தில் எட்னா மூனி பாண்ட்ஸ் பற்றிப் பேசுவதைக் குறைத்து, புகழ் என்னும் புதிய மடனைப் பற்றிப் பேசலானார். அம்மடனை அமெரிக்கர் நன்கறிவர்.

ஆயின் இவ்வெற்றியிலேயே குறையும் கருக்கொண்டது. எள்ளல் திரும்பி வருதற்கு, எள்ளுவோர் ஏதேனும் ஒருவகையில் தாழ்ந்து நிற்றல் வேண்டும். புறநகர் இல்லத்தரசி தாழ்ந்து நின்றார். உலகப் பெருவிண்மீன் அங்ஙனம் நில்லார். 2003-இல் 'வேனிட்டி ஃபேர்' இதழில் எட்னாவின் பெயரால் வெளிவந்த அறிவுரைப் பத்தி ஸ்பானிய மொழியையும் அதனைப் பேசுவோரையும் இழித்துரைத்தது. எதிர்ப்பு எழ, இதழ் வருத்தம் தெரிவித்தது. கூறியவள் எட்னா, அவள் மடமையே நகைப்பொருள் என்பர் வாதிடுவோர். மேடையில் இவ்வாதம் நிற்கும். அங்குக் கோலமும் பெரிய கைகளும் கண்முன் உள்ளன. அச்சிட்ட பக்கத்திலோ கோலம் இல்லை, சொல் மட்டுமே உண்டு. அச்சொல் ஒரு திசையிலேயே செல்கின்றது. பின்னாளில் பாலின மாற்றம் பற்றி ஹம்ப்ரீஸ் தம் பெயராலேயே கூறிய கருத்துகள் இன்னும் வெளிப்படையானவை. அவற்றிற்குப்பின், அவர் பெயரால் வழங்கிய நகைச்சுவை விருதின் பெயரை மெல்போர்ன் விழாவினர் 2019-இல் மாற்றினர். 1987-இல் அவ்விழாவைத் தொடங்கி வைத்தவருள் ஒருவர் அவரே. பெண்கோலத்தால் வாழ்வு முழுதும் புகழ் பெற்றவர் அத்தகைய கருத்துடையராதல் முரண் எனப் பலர் எழுதினர். முரண் என்று கூறுவதினும், அவர் எட்னாவை எக்காலத்தும் படர்க்கையிலேயே வைத்தார் என்பதை நினைத்தல் தகும். எட்னாவின் தன்வரலாறு (1989) வேறு, தம் தன்வரலாறு வேறு என எழுதியவர் அவர். கோலத்தைப் பூண்டாரேயன்றிக் கோலத்தாரோடு தம்மை ஒருவராக எண்ணினாரல்லர். அவ்விடைவெளி கலைக்கு வலிமை தந்தது. மனிதர்க்கு அதுவே குறையாயிற்று என்பது என் துணிபு.

எட்னாவின் ஒளியில் மறைந்த மற்றொரு வேடத்தையும் ஈண்டுக் குறித்தல் கடன். சாண்டி ஸ்டோன் என்னும் முதியவர் அவர். இரவு அங்கியும் கையில் வெந்நீர்ப் பையுமாக நாற்காலியில் அமர்ந்து, வாரம் முழுதும் நிகழ்ந்த சிறு செய்திகளை மெல்ல உரைப்பார்: எங்குச் சென்றார், என்ன உண்டார், வண்டியை எங்கு நிறுத்தினார். 1958-இல் ஒலித்தட்டில் முதலில் வெளிவந்த அக்குரல், முதியவர் இறந்துபட்ட பின்னும் ஓயவில்லை. ஆவியாக வந்து, தாம் வாழ்ந்த இல்லத்தைப் பற்றி அதே தொனியிற் பேசிற்று. எட்னாவின் மடனே இங்கும் உளது. ஆயின் அதனை எள்ளுவார் இலர். முதலில் நகைத்த அவை, சிறிது சிறிதாக அடங்கி அமைதியுறுதலை ஒலிப்பதிவுகளிற் கேட்கலாம். நகைக்கு அடுத்து அழுகையை வைத்த தொல்காப்பிய முறைவைப்பை விளக்கப் புகுவோர், எட்னாவோடு சாண்டியையும் வைத்து ஆராய்தல் பயன் தரும்.