கானாங்கெளுத்தியும் கள்ளுக்காடியும்

கோவாவின் ரெஷாத் மசாலா அடைத்துப் பொரித்த கானாங்கெளுத்தியைப் பற்றி நான் பேச்செடுத்தால், உறையூரிலும் தென்னூரிலும் உள்ள மீன்பிரிய நண்பர்கள், மண்சட்டியில் புளி கரைத்துக் கொதித்த விரால் குழம்பு இருக்கையில் பறங்கியர் பாணி எதற்கு என்று முகம் சுளிப்பது வழக்கம். விரால் குழம்பின் மகிமையை நான் மறுப்பவனல்லன். மறுநாட்காலைப் பழைய சோற்றுக்கு அதனினும் சிறந்த துணை கிடையாது. ஆயினும் புளி, எத்தனை நயமாகக் கரைத்து ஊற்றினாலும், மீனைச் சூழ்ந்து நிற்குமேயன்றி அதனுள் பிரவேசிப்பதில்லை. தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த காடிக்கே அந்தப் பிரவேசம் சாத்தியம் என்பது என் சித்தாந்தம்.

வாஸ்கோட காமாவிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகும் ரயில் திருச்சி ஜங்ஷனில் நின்றுதான் போகிறது. அது திரும்பும் மார்க்கத்தில் ஏறி, ஸ்ரீரங்கம் சித்திரை வீதி நண்பர் ஒருவரையும் உடனழைத்துக்கொண்டு கோவாவுக்குச் சென்றிருந்தேன். சுத்த சைவரான அவரைக் கடல்மீன் போஜனசாலைக்கு இழுத்துச் சென்றது அநியாயம் என்பார் உளர். பணஜியில், ஃபொந்தெய்னாஸ் பேட்டையின் மஞ்சளும் நீலமும் பூசிய பழைய வீடுகளுக்கிடையே, போர்த்துகீசியச் சமையலின் வாசனை இன்னும் வற்றாத ஒரு சிறிய உணவகத்தில் அமர்ந்து, அவர் பாவ் ரொட்டியையும் சோல்கடியையும் தருவித்துக்கொண்டார். தாமே உண்ணாத பதார்த்தத்தை இத்தனை ஊன்றி ஆராய்கிற ரசிகரை நான் வேறெங்கும் கண்டதில்லை. என் தட்டைப் பார்த்துவிட்டு, "ஓய், எங்கள் அகத்தில் சிராத்தத்தன்று மிளகாயை அடுக்களைக்குள்ளேயே விடுவதில்லை, இவனானால் கப்பலில் கொண்டுவந்தது அவ்வளவையும் ஒரே மீனின் முதுகில் ஏற்றிவிட்டானே!" என்றார்.

முதுகில் என்று அவர் சொன்னது யதார்த்தம். தேர்ந்த கை, தலையும் வாலும் குலையாமல், நடுமுள்ளின் இருமருங்கிலும் முதுகுப்புறமாகக் கத்தியைச் செலுத்தி, இரண்டு ஆழமான பிளவுகளைத் திறக்கிறது. காடியிலேயே ஊறி, ஒரு சொட்டு நீரும் கலவாமல் காடியிலேயே அரைபட்ட மிளகாயும் பூண்டும் சீரகமும் மிளகும் கிராம்பும் பட்டையும், துளி சர்க்கரையோடு, அப்பிளவுகளில் புகுந்து முள்ளைத் தொடுகின்றன. பிறகு மெல்லிய ரவைப் பூச்சு, கல்லில் கொஞ்சமே எண்ணெய், பதறாத தீ. பக்குவமாக வெந்த மீனில் தோல் ஆங்காங்கே கொப்புளித்து மொறுமொறுக்க, தலையைப் பற்றித் தூக்கினால் நடுமுள் முழுதாகப் பெயர்ந்து வந்துவிடும். கானாங்கெளுத்திக்கு இயல்பாக உள்ள கொழுப்பும் காடியின் கூர்மையும் ஒன்றையொன்று அடக்கி ஆளுகிற அந்த முதற்கவளம் இருக்கிறதே, அதற்காகவே ஓர் இரவு ரயிலில் உட்கார்ந்து போகலாம். வாவலில் அடைத்தால் மசாலா மட்டுமே பேசுகிறது, மீன் வாய் திறப்பதில்லை. வஞ்சிரத் துண்டிலோ அடைக்க இடமே இல்லை, மேலே பூசத்தான் முடியும். இவ்விரண்டையும் உயர்வென்று விலை கூட்டி, கானாங்கெளுத்தியை ஏழைகளின் மீன் என்று விலைப்பட்டியலிலிருந்தே நீக்கிவிடும் உணவக முதலாளிகளை என்னவென்று சொல்வது!

கோவாவிலேயே இப்போது மரமேறுவோர் அருகிவருகிறார்கள்; அதனால் தொண்டையைச் சுரண்டும் செயற்கை வினிகர் பல அடுக்களைகளில் குடியேறிவிட்டது. நம் பக்கம் நிலைமை இன்னும் பரிதாபம். நாகப்பட்டினத்தில், 1658-இல் டச்சுக்காரர் வந்து வெளியேற்றும்வரை, பறங்கியர் நூறாண்டுக்கு மேல் வாணிபம் நடத்தினார்கள்; அவர்கள் கொணர்ந்த மிளகாய் நம் அம்மி ஒன்றுவிடாமல் ஏறிவிட்டது, காடி மட்டும் கரையேறவில்லை. இனி ஏறவும் வழியில்லை, 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறபடியால். சோழநாட்டில் தென்னைக்கா பஞ்சம்? நாகையிலிருந்து பனிக்கட்டியில் வந்திறங்கும் கானாங்கெளுத்திக்கும் திருச்சியில் குறைவில்லை. இரண்டையும் இணைக்கும் அந்த ஒரு திரவம்தான் இல்லை. அண்மையில் இவ்வூர்ப் புதிய உணவகமொன்றில் கோவா மீன் என்று பரிமாறப்பட்டது, எலுமிச்சஞ்சாற்றில் குழைத்த சிவப்புச் சாயம்; அரைப்பங்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கோவாவிலிருந்து நல்ல காடி ஒரு புட்டி கொணர்ந்திருக்கிறேன். நார்த்தங்காய் ஊறுகாயில் சிறிது சேர்த்துப் பாரும் என்று ஸ்ரீரங்கத்து நண்பருக்கும் கொஞ்சம் கொடுக்கப் போனேன். கள் புளித்துக் காடியானபின் அதில் கள் ஏது, போதைதான் ஏது என்று எவ்வளவோ வாதித்தேன். காரணப் பொருள் காரியத்திலும் தொடர்ந்தே தீரும் என்று விசிஷ்டாத்வைத முறைப்படி ஸத்காரியவாதம் பேசி அவர் மறுத்துவிட்டார். வாதத்தில் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. முழுப் புட்டியும் தென்னூரிலேயே தங்கிவிட்டது, இன்னும் ஏழெட்டுக் கானாங்கெளுத்திக்காவது தாங்கும்.