தன் மூச்சில் பாடும் மூன்று

ஃபெராரி 458 இத்தாலியாவின் முகத்தை முதலில் பாருங்கள். பொட்டிலிருந்து மேல்நோக்கி நீண்டு போகும் அந்த விளக்குகளை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக் கீழே வாருங்கள். காற்று நுழையும் வாயின் இரு பக்கமும் மெல்லிய கறுப்பு இறகுகள் இருக்கின்றன. விரலால் அழுத்தினால் இசைந்து வளைகின்றன. வண்டி மெதுவாகப் போகும்போது ரேடியேட்டருக்குத் தாராளமாகக் காற்றை விடுகிற அவை, வேகம் ஏற ஏற எதிர்க்காற்றின் அழுத்தத்தாலேயே தணிந்து, வாயைச் சிறிதாக்கி, மிச்சக் காற்றை வண்டியின் அடிவயிற்றுக்குத் திருப்பிவிடுகின்றன. அதற்கென்று மோட்டார் இல்லை, மின்கம்பி இல்லை, கட்டளையிடும் கருவி இல்லை. வருகிற காற்றையே வேலைக்காரனாக்கி, வருகிற காற்றையே ஆளச் செய்திருக்கிறார்கள். இந்த ஒரு நளினத்துக்காகவே அந்த வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்க்கலாம். நான் பார்த்தேன்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் அன்று மூன்று வண்டிகளை ஓட்டக் கிடைத்தது. 458, லம்போர்கினி ஹுராக்கான், போர்ஷே 911 ஜிடி3. உரிமையாளர்கள் மூவரும் மனமுவந்து பக்கத்தில் அமர்ந்துகொண்டார்கள். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய காலத்துக்குப் பிறகு கட்டி எழுப்பிய தடம் இது. ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். அகலமான நேர்பாதையின் முடிவில் முதல் வளைவு வரும்போது, ஓட்டுகிறவனின் குணமும் வண்டியின் குணமும் ஒருசேரத் தெரிந்துவிடும்.

மூன்று வண்டிக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. எதிலும் டர்போ கிடையாது. டர்போ என்பது புகையின் வேகத்தால் ஒரு சுழலியைச் சுற்றவிட்டு, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் ஏற்பாடு. பலம் நிறையக் கிடைக்கும். ஆனால் கால் அழுத்துவதற்கும் வண்டி பதில் சொல்வதற்கும் நடுவே ஒரு நொடியின் சிறு பங்காவது இடைவெளி விழும். இந்த மூன்றிலும் பிஸ்டன் இறங்கும்போது தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. கால் கட்டைவிரல் ஒரு நூல் அழுத்தினால் இன்ஜின் ஒரு நூல் எழுகிறது; ஒரு நூல் தளர்த்தினால் அதே அளவு தணிகிறது. கூமாப்பட்டியில், பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் வயலில் டிராக்டர் ஓட்டிப் பழகியவன் நான். ஏர் ஆழமாகப் பிடிக்கும்போது இன்ஜின் எந்த ஒலியில் திணறும், எந்த ஒலியில் சுகமாக இழுக்கும் என்று காலுக்கும் காதுக்கும் அந்த வயதிலேயே தெரியும். அந்தப் பழக்கத்தோடு இந்த இன்ஜின்களிடம் வந்தால், அவை ஒளிவுமறைவில்லாமல் மனசைத் திறந்து பேசுகின்றன.

458-க்கே திரும்புவோம். பின்கண்ணாடி மூடிக்குக் கீழே இன்ஜின் வெளிச்சத்தில் கிடக்கிறது. சொரசொரப்பான சிவப்புப் பூச்சு பூசிய உறைகள், எட்டு சிலிண்டர், 4,497 சிசி, நிமிடத்துக்கு 9,000 சுற்றில் 570 குதிரைத்திறன். பினின்ஃபரினா வரைந்த உடல் அது. கதவுக்குப் பின்னால் விலா மெலிந்து, பின்சக்கரத்தின் மேல் திரண்டு எழும் அந்தக் கோட்டைப் பார்த்தபோது, ஓடத் தயாராக நிற்கும் ராஜபாளையம் நாயின் உடற்கட்டுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. வேண்டாத சதை ஒரு பிடிகூட இல்லை.

உள்ளே உட்கார்ந்தால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இண்டிகேட்டர் தண்டு இல்லை. இடப்பக்கம் திரும்ப இடது கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான், வலப்பக்கத்துக்கு வலது கட்டைவிரலுக்கு ஒன்று. வைப்பர், விளக்கு, வண்டியின் சுபாவத்தை மாற்றும் சின்னஞ்சிறு திருகு எல்லாம் அந்தச் சக்கரத்திலேயே பொருந்தியிருக்கின்றன. கை ஸ்டீயரிங்கை விட்டு எங்கும் போகத் தேவையில்லை. பின்னால் இருக்கிற நீண்ட கியர் துடுப்புகள் மட்டும் சக்கரத்தோடு சுழலாமல் தண்டிலேயே நிற்கின்றன. வளைவின் நடுவில் விரல் நீட்டினால் துடுப்பு எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருக்கும். 7,000-ஐத் தாண்டியதும் எழும் அந்தக் கூரிய, தூய ஒலிக்கு என்ன பெயர் வைப்பது! ஒரே தளத்தில் அமைந்த கிராங்க் தண்டினால் இரு வரிசை சிலிண்டர்களும் மாறி மாறி வெடிக்கின்றன. கரகரப்பே இல்லாமல் சுருதி ஏறிக்கொண்டே போகிறது.

ஹுராக்கான் வேறு பிறவி. கோடுகள் எல்லாம் கத்தியால் கீறியவை. காற்றுத் துளை, மானிக் கட்டம், கதவின் உட்பகுதி என்று எங்கு பார்த்தாலும் அறுகோணம். இன்ஜினைக் கிளப்பும் பொத்தானின் மேல் ஒரு சிவப்பு மூடி. போர் விமானத்தில் இருப்பதைப் போலவே விரலால் தூக்கிவிட்டுத்தான் அழுத்த வேண்டும். அந்த அரை நொடிச் சடங்கில்தான் எவ்வளவு எதிர்பார்ப்பு! பிறகு பத்து சிலிண்டரும் ஒன்றாக உறுமி எழுகின்றன. 5.2 லிட்டர், 610 குதிரைத்திறன். வெடிப்புகளின் இடைவெளி சமமாக இல்லாததால் ஒலியில் ஒரு தழுதழுப்பு, ஒரு கமகம் இருக்கிறது. ஃபெராரியின் குரல் நேர்கோடு என்றால் இது அசைவு. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் கால்வைத்த முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டானிலும் பத்து சிலிண்டர்தான். அந்தக் காலத்துப் பந்தய ஒலியைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இந்தக் குரலின் மேல் தனிப் பிரியம் இருக்கும்.

ஹுராக்கான் என்பது 1879-இல் ஸ்பெயினின் அலிகாந்தேயில் களம் கண்ட ஒரு காளையின் பெயர். காளைக்குப் பெயர் வைத்து, வாடிவாசலில் அந்தப் பெயரைச் சொல்லி அவிழ்த்துவிடும் நம் சீமைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிறுவனரான ஃபெருச்சோ லம்போர்கினி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1948-இல் டிராக்டர் கட்டத் தொடங்கியவர், 1963-இல்தான் கார் நிறுவனம் தொடங்கினார். போர்ஷேயின் பெயரிலும் சிவப்பு டீசல் டிராக்டர்கள் ஓடின. அவற்றின் தயாரிப்பு நின்றது அதே 1963-இல். 911-இன் முதல் வண்டியை உலகம் கண்டதும் அந்த ஆண்டே. லம்போர்கினி டிராக்டரை இன்று வைத்திருக்கும் இத்தாலியக் குழுமத்துக்கு நம் ராணிப்பேட்டையில் டிராக்டர் ஆலை இருக்கிறது. சேற்றுக்கும் இந்தப் பளபளப்புக்கும் தூரம் அதிகமில்லை என்று அறிவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வளைவுக்குள் ஹுராக்கான் நான்கு சக்கரத்தாலும் தரையைப் பற்றிக்கொண்டு, நம்மைப் பத்திரமாக அழைத்துப்போகிறது. அது பேரன்பு. எனக்கோ, சக்கரத்தின் அடியில் தார் எங்கே சொரசொரப்பு, எங்கே வழுவழுப்பு என்று விரல் நுனியில் இன்னும் கொஞ்சம் கேட்க ஆசை.

அந்த ஆசையை நிறைவேற்றியது ஜிடி3. இதைப் பற்றி நிதானமாகத்தான் பேச வேண்டும்.

கிளப்பும் திருகிலிருந்தே தொடங்குவோம். போர்ஷேயில் அது ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் இருக்கும். லெமான் பந்தயத்தில் ஓட்டுநர்கள் ஓடிவந்து வண்டிக்குள் குதித்து, இடக்கையால் இன்ஜினைக் கிளப்பும்போதே வலக்கையால் கியர் போட்ட நாட்களின் எச்சம் என்பார்கள். வலப்பக்க ஸ்டீயரிங் வைத்து நம் நாட்டுக்கு வரும் வண்டியில் அந்தத் திருகும் இடம்மாறி, கதவோரமாக வலக்கைக்கு வந்துவிடுகிறது. பழக்கத்தை அப்படியே நகல் எடுக்காமல், அதன் பொருளைப் புரிந்துகொண்டு மாற்றிவைத்த நேர்த்தி அது. கியருக்கு ஒரு கை, இன்ஜினுக்கு ஒரு கை.

கண்ணுக்கு நேரே நடுவில் சுற்றுமானி. இரு பக்கமும் திரைகள் வந்துவிட்ட பிறகும் நான் ஓட்டிய வண்டியின் நடுவட்டத்தில் நிஜமான முள் ஓடுகிறது. வேகமானி ஓரத்தில், இந்த வண்டிக்கு முக்கியம் எது என்று அந்த இடவரிசையே சொல்லிவிடுகிறது. 4 லிட்டர், கிடையாகப் படுத்த ஆறு சிலிண்டர், 510 குதிரைத்திறன், 9,000 சுற்று. ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் காற்று வால்வு. அதனால்தான் அந்த முள் காலின் அசைவைக் காத்திருக்காமல் பின்தொடர்கிறது.

நான் ஓட்டியது கையால் கியர் போடும் வகை. குட்டையான கம்பு; இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது நடுவில் ஒரு சின்னத் தயக்கம், பிறகு தானே இழுத்துக்கொண்டதைப் போல உள்ளே நுழையும் துல்லியம். ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் எவ்வளவு அருகில், எவ்வளவு சரியான உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள்: பிரேக்கில் முன்பாதம் இருக்கும்போதே பாதத்தின் வெளிவிளிம்பு ஆக்ஸிலேட்டரைத் தொட்டு ஒரு முறை உறுமச் செய்யலாம். கியர் இறங்கும்போது வண்டி துளியும் குலுங்காது. இந்த இரண்டு பெடலுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து வைத்த பொறியாளரை நான் பார்த்ததில்லை. அவர் கை நன்றாக இருக்கட்டும்.

இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவது 911-இன் பிறவிக்குணம். அதனால் முன்பக்கம் லேசாகிவிடும் என்ற பழைய குறையை, இந்தத் தலைமுறை ஜிடி3-இல் முன்சக்கரத்துக்கு இரட்டைக் கைகள் கொண்ட சஸ்பென்ஷன் வைத்து அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே மூக்கு உள்ளே வருகிறது. வளைவின் உச்சியில் ஆக்ஸிலேட்டரைத் தொட்டால், பின்பாரம் தரையில் அழுந்தி, அதுவே வண்டியை உந்தித் தள்ளுகிறது. பின் இறக்கையும் அதற்குத் துணை. அதைத் தாங்கும் தண்டுகள் அன்னத்தின் கழுத்தாக வளைந்து மேலிருந்து பிடிக்கின்றன. இறக்கையின் வேலை பெரும்பாலும் அதன் அடிப்பரப்பில் நடப்பதால், அங்கே ஓடும் காற்றைத் தண்டு குலைத்துவிடக் கூடாது என்ற கவனம்! 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் வகுப்பில் மூன்றாம் இடம் பிடித்த வண்டி இதே ஜிடி3-இன் பந்தய உடன்பிறப்பு. ஒரு பகலும் ஓர் இரவும் அந்த நுணுக்கங்கள் எல்லாம் தாங்கி நின்றிருக்கின்றன.

458-இன் வாரிசான 488-க்கு 2015-லேயே டர்போ வந்துவிட்டது. ஹுராக்கானின் காலம் 2024-இல் முடிந்தது. அடுத்து வந்த தெமெராரியோவில் டர்போவோடு மின்மோட்டாரும் சேர்ந்துகொண்டது. ஜிடி3 இன்னும் தன் மூச்சிலேயே 9,000 வரை போகிறது. அதில் பெரிய இறக்கை இல்லாத டூரிங் என்றொரு வகை உண்டு; வேகத்தடை வந்தால் மூக்கை உயர்த்திக்கொள்ளும் வசதியையும் கேட்டு வாங்கலாம். எனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதைத்தான் சொல்வேன், ஆறு கியர் கம்போடு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை, மேற்கே மலையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மாறி மாறிப் போனாலே போதும். அந்தக் கம்பின் சின்னத் தயக்கத்தை அவசரமில்லாமல் ரசிக்க அந்த வேகம் தாராளம்.