மூசாவுக்குத் தாய் இல்லையா?

முடியாத வழக்கைக் கண்டால், "கன்னித்தீவு போல நீள்கிறதே!" என்கிறார்கள் நம் மக்கள். போட்டு முடியாத சாலைக்கும் அதே உவமை. பேசி முடியாத சம்பந்தத்திற்கும் அதே உவமை. ஒரு சித்திரக்கதை உவமையாகி ஊரார் நாவில் ஏறிவிட்டதென்றால், அதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்கித் தள்ளல் ஆகுமோ? ஆகாது என்பதே நமது கருத்து.

1942-இல் நம் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி'யில், 1960 முதல் வந்துகொண்டிருக்கும் கதை அது. நாளுக்குச் சில கட்டங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் படித்துவிடலாம். திருப்பரங்குன்றத்துத் தேநீர்க் கடைகளில், தலையங்கத்தைத் தொடாமலே தாளைத் திருப்பிக் கன்னித்தீவைத் தேடும் முதியோரை நாம் கண்டிருக்கிறோம். வாசிக்கக் கற்றதே அந்தக் கட்டங்களில்தான் என்று பெருமையோடு சொன்னவர்களும் உண்டு. அந்த நன்றியை மறவாமலே இனி வரும் குறைகளைச் சொல்கிறோம்.

கதையின் முதல் முடிச்சு யாவரும் அறிந்தது. மூசா என்னும் மந்திரவாதி, லைலா என்னும் இளவரசியைப் பொம்மை அளவாகச் சுருக்கிவிடுகிறான். அவளைப் பழைய உருவுக்கு மீட்கப் புறப்படுகிறான் வீரன் சிந்துபாத். அவ்வளவே. இந்த ஒரு முடிச்சிலிருந்துதான் கடல்களும், அரக்கர்களும், பறவைகளும், குகைகளும் ஆயிரமாயிரமாய்க் கிளைத்தன.

நாம் ஆசிரியர். ஏழாம் வகுப்புக்குக் கட்டுரைப் பயிற்சி தர வேண்டிய நாளில், "மூசா இளமையில் எப்படி இருந்திருப்பான்? எழுதுக" என்றோம். வகுப்பு திகைத்தது. "அவன் மந்திரவாதி ஐயா, அவனுக்கு ஏது இளமை?" என்று கேட்டான் ஒரு சிறுவன். அக்கேள்விதான் நம்மை இக்கட்டுரை எழுத வைத்தது. ஏன் மூசாவுக்கு இளமை இல்லை? அவனைப் பெற்றவள் யார்? மந்திரம் கற்பித்தவர் யார்? மந்திரம் கற்றவன், நோய் தீர்க்கவோ நிலம் விளைவிக்கவோ முயலாமல், ஒரு பெண்ணைச் சுருக்க வேண்டுமென்று நினைத்தது எதனால்?

நமது பள்ளிச் சாளரத்தைத் திறந்தால் குன்றம் தெரிகிறது. சூரபதுமனை வென்றபின் முருகன் தெய்வயானையை மணந்த இடமென்று புராணம் பேசும் குன்றம். புராணத்தை வரலாறென்று நாம் கொள்வதில்லை, கதையாகவே நோக்குகிறோம். ஆயினும் அந்தப் பழங்கதைக்காரர், தாம் வெறுத்த பகைவனுக்கு எத்தனை கொடுத்திருக்கிறார், பாருங்கள்! சூரனுக்குத் தந்தை உண்டு, காசிபன். தாய் உண்டு, மாயை. சிங்கமுகனும் தாரகனும் தம்பியர். தவம் செய்கிறான், வரம் பெறுகிறான், அதனால் செருக்குறுகிறான். ஒன்று மற்றொன்றைப் பெறுகிறது. இறுதியிலும் மாமரமாய் நின்று, பிளவுண்டு, மயிலும் சேவலுமாய் வென்றவனோடே இருந்துவிடுகிறான். கச்சியப்பர் அவன் பக்கம் நின்றவரல்லர். என்றாலும் அவனை வேரோடு காட்டினார். மூசாவோ வேரில்லாத முள்.

பகைவன் பக்கம் போய் நின்று பார்த்தவர்களும் நம்மிடையே உண்டு. புலவர் குழந்தை 1946-இல் 'இராவண காவியம்' தந்தார். 1948-இல் அன்றைய சென்னை மாகாண அரசு அதனைத் தடை செய்தது. 1971-இல்தான் தடை நீங்கியது. இரக்கமற்றவன் என்ற குற்றச்சாட்டுக்கு இராவணனே மறுவிசாரணை கேட்பதாக அறிஞர் அண்ணா 'நீதிதேவன் மயக்கம்' நாடகம் புனைந்தார். ஒரு பாத்திரத்தின் முன்கதையைக் கேட்பது வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு இருபத்து மூன்றாண்டுத் தடையைவிட வேறு சான்று வேண்டுமா?

"அதெல்லாம் காவியம், இது சித்திரக்கதை. இதில் போய் ஆராய்ச்சியா?" என்பாரும் உளர். அவர்களுக்குச் சித்திரக்கதையிலிருந்தே விடை தருவோம். சிவகாசியில் 1972-இல் தொடங்கிய 'முத்து காமிக்ஸ்' தமிழுக்குக் கொணர்ந்த இரும்புக்கை மாயாவியை மறந்தவர் யார்? 1962-இல் இங்கிலாந்தின் வாலியண்ட் இதழில் பிறந்தவன் அவன். ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்தான்; இரும்புக்கை பொருத்தினர்; மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் தெரியும். மூலக் கதையில் அவன் எடுத்த எடுப்பில் நல்லவனல்லன். வாய்த்த ஆற்றலைத் தீய வழியில் செலுத்தி, பின்னரே திருந்தினான். திருந்தினான் என்றால் நம்பவும் முடிகிறது, எதனால் கெட்டான் என்பது தெரிவதால்.

இங்கேதான் கன்னித்தீவின் மறைபொருள் நமக்குப் புலப்படுகிறது. மூசாவின் தீமைக்குக் காரணம் சொன்னால், அதற்கு மருந்தும் சொல்ல வேண்டி வரும். மருந்து கிடைத்தால் லைலா வளர்ந்துவிடுவாள், கதை முடிந்துவிடும். நாள்தோறும் நீள வேண்டிய கதைக்குக் காரணமற்ற தீமைதான் தோது. தொழில் முறையில் இதைக் குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் மூன்று தலைமுறைச் சிறுவர், தீமை என்பது தானே முளைத்து வருவது என்று கற்றுக்கொண்டார்களே!

சிந்துபாத்துக்கும் ஒரு முன்கதை தொலைந்திருக்கிறது. அரபுக் கதையில் அவன் பாக்தாத் வணிகன். அவன் வாயிலில் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறும் சுமைகூலி ஒருவன், 'உழைக்கும் எனக்கு வறுமை, இருப்பவனுக்கு வாழ்வா?' என்று புலம்புகிறான். அவன் பெயரும் சிந்துபாத்! அப்புலம்பலைக் கேட்ட பிறகே வணிகன் தன் ஏழு பயணங்களையும் சொல்லத் தொடங்குகிறான். கதையைத் திறந்த சாவியே அந்தக் கூலிக்காரனின் கேள்வி. தமிழுக்கு வந்தபோது வீரன் கரையேறினான். கூலியாள் கடலோடு போனான்.

லைலாவிடம் வருவோம். கண்டதையெல்லாம் குறியீடென்று கூவும் திறனாய்வில் நமக்கு விருப்பமில்லை. பூட்டைக் கண்டால் அடிமைத்தனம், புறாவைக் கண்டால் விடுதலை என்று எழுதிவிடுவது எளிது. படம் என்ன காட்டுகிறதோ அதிலிருந்தே பொருள் எழ வேண்டும். லைலாவின் அளவு குறைந்தது, அழகு குறையவில்லை. அணிகலனும் அப்படியே, ஆடையும் அப்படியே. ஸ்விப்ட் 1726-இல் படைத்த லில்லிபுட் மாந்தரும் ஆறங்குல உயரத்தினர்தாம். ஆனால் அவர்களுக்கு அரசுண்டு, சட்டமுண்டு, முட்டையை எந்த முனையில் உடைப்பதென்ற சண்டையும் உண்டு. சிறுமை அங்கே பெரியோரை நகையாடும் கருவி. இங்கோ, சுருக்கியவன் ஓர் ஆண். தூக்கிச் சுமப்பவன் மற்றோர் ஆண். முன்னவன் கொடியவன், பின்னவன் அன்பன். இருவருக்கும் நடுவே அவள் தன் காலால் நடந்த தொலைவு எவ்வளவு?

வகுப்புக்குத் திரும்புவோம். முப்பத்தொரு கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் மூசாவைப் பாம்பு கடித்தது, அல்லது பேய் பிடித்தது. ஒரு சிறுமி மட்டும் வேறு எழுதினாள். மூசாவுக்கு ஒரு தமக்கை இருந்தாளாம். தந்தை இறந்ததும் அவளுக்கும் நிலத்தில் பங்கு தர வேண்டி வந்ததாம். அன்றிரவே மந்திரம் கற்று அவளைச் சுருக்கிப் பானைக்குள் வைத்து மூடினானாம், லைலா இரண்டாவதுதானாம். 1929-இல் செங்கல்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டதையோ, 1989-இல் தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் வந்ததையோ அவளுக்கு நாம் இன்னும் நடத்தவில்லை. எங்கிருந்து பெற்றாய் இக்கதையை என்று கேட்டோம். "எங்க அத்தை வீட்டுக்கு வந்தா அப்பா பேச மாட்டாங்க ஐயா" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள்.

பத்துக்கு எட்டு மதிப்பெண் இட்டோம். 'சுருக்கினான்' என்று எழுத வேண்டிய இடமெல்லாம் வல்லின 'று' போட்டிருந்தாள்.