பிழை காட்டாத பிழைகள்

கேரள அரசுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுக்கும் மாணவர் பள்ளியை விட்டு வெளியேறுவதற்குள் ஐந்து மொழிகளைத் தொட்டுவிடுகிறார். உயர்நிலைப் பள்ளியில் பைத்தான், பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, எஸ்கியூஎல். 

இப்படித் தாவுவதில் லாபம் உண்டு. லூப்பும் நிபந்தனையும் எந்த மொழிக்கும் சொந்தமில்லை என்பது இரண்டாவது மொழியைத் தொடும்போதுதான் உறைக்கிறது. சி++ லூப்பை அப்படியே எழுதி, மாறிகளின் முன்னால் டாலர் குறி போட்டால் பெரும்பாலும் பிஎச்பி ஆகிவிடும். நாளை டெக்னோபார்க் ஐடி வளாகத்தில் வேலைக்குச் சேர்ந்தால் புராஜெக்டுக்குப் புராஜெக்ட் மொழி மாறலாம். இந்தப் பழக்கம் அங்கே கைகொடுக்கும்.

ஆனால் "சி++ தெரிந்தால் இது சுலபம்" என்று வகுப்பில் சொல்வது பாதி உண்மைதான். அரைப்புள்ளியை விட்டால் சி++ கம்பைலர் உடனே கத்தும். அது வெறும் தொல்லை. ஒரே வரி இரண்டு மொழியிலும் சத்தமில்லாமல் ஓடி, வேறு வேறு விடை தருவதுதான் ஆபத்து. 7/2 என்றால் சி++ 3 என்கிறது. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி மூன்றும் 3.5 என்கின்றன. மேற்கோளுக்குள் இருக்கும் "5" உடன் 3ஐக் கூட்டினால் பிஎச்பி 8 தரும். ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டவைத்து "53" தரும். சரங்களை ஒட்ட பிஎச்பிக்குத் தேவை + அல்ல, ஒரு புள்ளி.

எல்லாவற்றிலும் மோசமானது = குறி. பிஎச்பியிலிருந்து தரவுத்தளத்தைக் கேட்கும் வரியைப் பாருங்கள். மேற்கோளுக்கு வெளியே உள்ள = மதிப்பை மாறியில் இருத்துகிறது; உள்ளே எஸ்கியூஎல் நிபந்தனையில் வரும் = ஒப்பிடுகிறது. ஒரே வரி, ஒரே குறி, இரண்டு வேலை. அதே கையோடு பிஎச்பி நிபந்தனையில் == போடவேண்டிய இடத்தில் = போட்டுவிட்டால் நிரல் ஓடும், ஒப்பீடுதான் நடக்காது. பைத்தான் இதை வாசலிலேயே மறித்துவிடும்.

இந்த மொழிகள் வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பது தற்செயலானது அல்ல. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியபோது, அது சி++ சாயலுள்ள ஜாவா போலத் தெரியவேண்டும் என்பது நிர்வாகத்தின் கட்டளை. உள்ளே இருந்த சரக்கு வேறு. முகத்தைப் பார்த்து நம்புகிறவர் ஏமாறத்தான் செய்வார்.

ஆகவே பைத்தானிலிருந்து சி++க்குப் போவதில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. தோற்றமே வேறாக இருப்பதால் மாணவர் உஷாராகவே இருப்பார். வகுத்தல் ஒன்றைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். சி++ படித்த கையோடு ஜாவாஸ்கிரிப்டையும் பிஎச்பியையும் ஒரே ஆண்டில் அடுக்குவதுதான் இடிக்கிறது. சர்வர் பக்கத்துக்குப் பிஎச்பியை விட்டுவிட்டு, ஏற்கெனவே தொட்ட பைத்தானையே வைக்கலாம். பைத்தானில் பிஎச்பி அளவுக்கு எளிதாக ஒரு பக்கத்தை ஓடவைக்க முடியாது, கூடுதலாக ஒரு ஃபிரேம்வொர்க்கைக் கற்பிக்கவேண்டிவரும். அந்தச் செலவை ஏற்கலாம் என்றே நினைக்கிறேன்.