உறுத்துகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தமிழ் வீட்டில் 'நோ ஃபயர் சோன்' ஆவணப்படத்தைப் போட்டால் பெரிதாக வாக்குவாதம் வராது, அழுகைதான் வரும். கலம் மக்ரே இயக்கி 2013இல் வந்த அந்தப் படம் உடைப்பது அரசின் கதையை. 2009இல் முடிந்த போரில் வன்னியில் நடந்தது மனிதாபிமான நடவடிக்கை, பொதுமக்கள் ஒருவரும் சாகவில்லை என்றார்கள். 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இலேயே எழுதிவிட்டது.

அழுதுவிட்டு எழும்பிப் போகாமல், ஒவ்வொரு காட்சியையும் எடுத்தது யார் என்று கேட்டபடி பாருங்கள். சிலதைச் செல்லடிக்குள் இருந்த சனமே எடுத்தது. சிலதை வென்ற சிப்பாய்கள் பெருமைக்காகக் கைபேசியில் எடுத்தார்கள். அதுவே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிறது. 2008 செப்டெம்பரில், எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று கிளிநொச்சியில் ஐ.நா. ஊழியர்களிடம் சனம் கெஞ்சுகிற காட்சியில் இரத்தம் இல்லை. எனக்கு அதுதான் படத்தின் மிகக் கனமான இடம்.

எங்கள் ரசனைக்கு உண்மையான சோதனை ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்'. 2017இல் கான் விழாவில் திரையிடப்பட்ட படம். 1983இன் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் ஐந்து வயதுப் பிள்ளையாக ரயிலேறி வடக்கே தப்பியவர் ரட்ணம். அதே கலவரத்தில் பொரளையில் நிர்வாணமாக்கப்பட்ட தமிழ் இளைஞனின் புகைப்படம் எங்களுக்கு மனப்பாடம். அதை எடுத்த சந்திரகுப்த அமரசிங்க என்ற சிங்களவரின் குரலை இந்தப் படத்தில் கேட்கலாம்.

அதுவரைக்கும் தலையாட்டிக்கொண்டே பார்ப்போம். பிறகு கதை தமிழ் ஆயுத இயக்கங்களுக்குள் போகிறது. கனடாவிலிருந்து திரும்பி வந்த இயக்குநரின் மாமாவும் வேறு முன்னாள் போராளிகளும், தமிழனைத் தமிழன் கொன்ற காலத்தைக் கதைக்கிறார்கள்; 1986இல் புலிகள் டெலோ இயக்கத்தை அழித்தது உட்பட. பேசுகிறவரைவிடக் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகத்தைக் கவனியுங்கள். "இதை ஏன் இப்ப கிளறுறான்?" என்று உங்களுக்குள் ஒரு குரல் எழும்பும். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, கோபம் சொன்ன விஷயத்திலா சொன்ன ஆளிலா என்று பாருங்கள். எதிர்ப்பு வந்ததால் 2018இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழா இதைக் காட்டாமல் விட்டது. எதிர்த்தவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு குடும்பத்தின் நினைவு முழு வரலாற்றையும் சுமக்காது, 2009 இதில் மையமும் இல்லை. ஆனால் அந்தச் சண்டையைப் படத்தைப் பார்த்துவிட்டல்லவா பிடிக்கவேண்டும்!

மூன்றாவது, கனடிய இயக்குநர் ஹெலன் க்ளொடாவ்ஸ்கியின் 'நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்' (2005). 'முறிந்த பனை' எழுதியவர்களில் ஒருவரான மருத்துவர் ராஜினி திரணகம, 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டார். அவர் புலிகள், இந்திய இராணுவம் என்று பார்க்காமல் எல்லோருடைய வன்முறையையும் பதிந்தவர். நடந்ததைத் திரும்ப நடித்துக் காட்டும் உத்தியை ஆவணப்படத்தில் நான் நம்புவதில்லை. இதில் தாயாக நடிப்பவர் ராஜினியின் மகளே என்பதால் என் முறைப்பாடு பாதியில் நின்றுவிட்டது.

ரட்ணத்தின் படத்தை 83இல் கொழும்பில் இருந்த ஒருவரோடு சேர்ந்து பாருங்கள். அவர் இடையில் நிறுத்தச் சொல்லி, காங்கேசன்துறைக்குக் கப்பலேறிய கதையைத் தொடங்கக்கூடும். றிமோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுவது நல்லது.