எண்ணெய் ஊசியும் நிதானமும்

இணுவிலின் செம்மண் தோட்டங்களை ஊடறுத்து ஓடும் காங்கேசன்துறை வீதியின் வட திசையில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையும் தென் திசையில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையும் அமைந்திருக்க, இவைபோன்ற அரச வைத்தியசாலைகளில் உளநலத் தாதியர் இடும் நெடுநாள் ஊசி, அதாவது தசையில் தங்கிச் சில வாரங்களுக்கு மெல்லக் கசியும் மருந்து, பலர் கவனியாத ஓர் அரிய கைவினையாகும். புளூபெனசின் போன்ற மருந்து நல்லெண்ணெயில் கரைந்திருப்பதால், அந்தத் தடித்த திரவம் தயங்கித் தயங்கியே நகர்கிறது. பெருவிரல் அவசரப்பட்டால் நோகும் என்பதை அறிந்த கை, தோலை ஒருபுறம் இழுத்துப் பிடித்து, சீராக அழுத்தி, சற்றே பொறுத்து ஊசியை எடுத்த பின்னரே தோலை விடுவதால், மருந்து வெளியே கசியாமல் உள்ளேயே அடைபடுகிறது.

அந்தச் சில கணங்களில் "தம்பி, இரவு நித்திரை வந்ததோ?" என்று தணிந்த குரலில் கேட்டபடியே, விரல் நடுக்கத்தையும் நடையின் விறைப்பையும் பேச்சின் மந்தத்தையும் கண் அளந்துகொள்கிறது. பக்கவிளைவை முந்தி அறிவதும், அஞ்சி வந்தவரை அடுத்த தவணைக்கும் தாமாகவே வரச்செய்வதும் இந்த நிதானத்தின் பயனாகும்.