கரண்ட் ஆட்டோவில் ஒரு நெல்லை உலா

திருநெல்வேலியைச் சுற்றிப் பார்க்க எந்த வண்டி நல்லது என்று இனி யார் கேட்டாலும் எனக்கு யோசனையே கிடையாது. கரண்ட் ஆட்டோதான்! காரில் போனால் ஊர் கண்ணாடிக்கு வெளியே ஊமைப்படமாக ஓடும். டீசல் ஆட்டோவில் போனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. மின்சார ஆட்டோவிலோ காற்றும் வருகிறது, பேச்சும் கேட்கிறது, கோயில் மணியும் கேட்கிறது. ஒரு பிற்பகல் போதும். ஜங்ஷன், பாளை, ரெட்டியார்பட்டி மலை, குறுக்குத்துறை, டவுன் என்று அம்மாவோடு ஒரு சுற்று சுற்றி வந்தேன். பிறந்த ஊரில் இவ்வளவு இருக்கிறதா என்று வாயைப் பிளந்துவிட்டேன்.

போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம் கடலோரத்தில் ஏழு குன்றுகளின்மேல் இருக்கிறது. அங்கே பெரிய வண்டி நுழையாத செங்குத்துச் சந்துகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மின்சார ‘டுக் டுக்’ ஓடுகிறது. ஓட்டுகிறவரே ஊர்க்கதையும் சொல்லுவார். நம்மவர்கள் அங்கே போய் அதில் ஏறி, படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். ஆட்டோ நம்ம ஊர் சமாச்சாரம் ஐயா! நமக்கும் மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் கடலும் இருக்கிறது. கதை சொல்லவா நெல்லையில் ஆளில்லை?

வண்டியைச் சொல்லிவிடுகிறேன். பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. வாடகைக்கு ஓடும் மின்சார வண்டிக்கு அதுதான் அடையாளம். ஓட்டுநர் அண்ணாச்சி சாவியைத் திருப்பினார், ஹேண்டில் பக்கத்தில் ஒரு பொத்தானைத் தட்டினார். அவ்வளவுதான். கம்பியை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவது கிடையாது; கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, புகை கிடையாது. வண்டி நகர்ந்துவிட்டது என்பதே ஸ்டாண்டில் இருந்த வேப்பமரம் பின்னால் போன பிறகுதான் தெரிந்தது. “ஆச்சி, கம்பியைப் பிடிச்சுக்கிடுங்க” என்றார் அண்ணாச்சி. “நான் ஆச்சியா? அக்கான்னு சொல்லும்” என்றாள் அம்மா. முதல் நிமிஷத்திலேயே வண்டிக்குள் பேச்சு களைகட்டிவிட்டது. சத்தமில்லாத வண்டியின் பெருமையே அதுதான்.

முதலில் சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த மனிதர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுத் தாமிரபரணிக்குக் குறுக்கே கட்டிய பாலம் இது. லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்து, பதினோரு வளைவுகளோடு எழுப்பி, 1843-ல் திறந்தார்கள். அவருடைய மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்பது ஊர்ப்பேச்சு. அண்ணாச்சி அதை நேரில் பார்த்தவரைப் போலவே சொன்னார். நடுப்பாலத்தில் போக்குவரத்து நெரிசலில் நின்றோம். டீசல் வண்டி என்றால் நிற்கிற நேரமெல்லாம் குலுங்கிக்கொண்டே இருக்கும், நாற்றமும் குடலைப் புரட்டும். இது நின்றால் நின்றதுதான். கீழே துறையில் துணி துவைக்கிற சத்தம் கல்லில் மோதிப் பாலத்துக்கு மேலே வந்தது. ஓடுகிற வண்டியில் இருந்தபடி தாமிரபரணித் துறையைக் காதால் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி. ஊசிக்கோபுரம் தெரிந்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். 1826-ல் ரேனியஸ் ஐயர் காலத்தில் எழும்பிய தூய திரித்துவ ஆலயம் அது. அதற்கும் முந்தியது கிளாரிந்தா அம்மையார் 1785-ல் கட்டிய சின்ன ஆலயம். பாளையில் இன்னும் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு கல்லூரி. காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பள்ளி கண்ட ஊர் இது. அம்மா படித்த சாராள் தக்கர் கல்லூரிப் பக்கம் வந்ததும் அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். வழிகாட்டிப் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள்! எந்த வாசலில் நெல்லிக்காய் விற்றார்கள், எந்த டீச்சரைக் கண்டால் யார் ஓடுவார்கள் என்று ஒரே அமர்க்களம். அவளோடு எத்தனையோ தடவை இந்த வழியாகப் போயிருக்கிறேன். இதில் ஒரு வார்த்தைகூட நான் கேட்டதில்லை. இன்ஜின் சத்தம் விட்டால்தானே!

பாளைக்குப் பெயர் கொடுத்த கோட்டையில் இப்போது மிச்சம் கொஞ்சம்தான். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு அவர் தம்பி ஊமைத்துரையை இங்கேதான் அடைத்து வைத்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் இந்தச் சிறையிலிருந்து தப்பிப் போய்ப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடியும் எழுப்பினார். “அவரும் சத்தமில்லாமத்தான் போனாரு, நம்ம வண்டி மாதிரி” என்றார் அண்ணாச்சி. இந்த ஒரு வசனத்துக்கே வாடகையில் பாதியைக் கொடுக்கலாம்.

பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி தாண்டி ரெட்டியார்பட்டி மலைக்குப் போனோம். எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம். மூன்று பேர், மேட்டு ரோடு, பேட்டரி வண்டி. நடுவில் இறங்கித் தள்ள வேண்டியிருக்குமோ? அண்ணாச்சி சிரித்தார். டீசல் இன்ஜினுக்கு வேகம் எடுத்த பிறகுதான் பலம் வரும். அதனால் மேட்டில் கியரைக் குறைத்து முக்கி முனக வேண்டும். மின்மோட்டாருக்கு நிற்கிற நிலையிலேயே முழு இழுவையும் உண்டு. ஏறு என்றால் ஏறுகிறது. மலைச்சரிவில் மெல்லிய ‘உய்ங்’ சத்தத்தோடு வண்டி ஏறியபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டியும் விட்டேன்.

மேலே பொருநை அருங்காட்சியகம். 2025 டிசம்பரில் திறந்தது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்று இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு மண்ணுக்குள் வைத்திருந்ததையெல்லாம் இங்கே கண்முன் வைத்திருக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் ஜெர்மன்காரர் யாகோர் 1876-லேயே தோண்டினார். சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று அமெரிக்க ஆய்வுக்கூடம் சொன்னது. அதாவது நெல்லுக்குப் பெயர்போன இந்தச் சீமையில் மூவாயிரத்து இருநூறு வருஷமாக நெல் இருக்கிறது. இதற்குத் தனியாக அரை நாள் வேண்டும். நாங்கள் சாமி கும்பிட வந்தவர்களைப் போல ஒரு வலம் வந்ததோடு சரி. வெளியே வந்து மேற்கே பார்த்தேன். பொதிகை மலை நீலமாக நின்றது. இந்தப் பக்கம் ஆறு போகிற வழி முழுக்கப் பச்சைக் கோடு. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் விழும் வரை ஏறக்குறைய 128 கிலோமீட்டர். முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி முடிகிற வற்றாத ஆறு.

அங்கே நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது. கரண்ட் வண்டி நெல்லைக்கு வெளியூர்ச் சரக்கே இல்லை! அதோ அந்த மலையடிவாரத்துப் பாபநாசத்தில் 1944-லிருந்து இதே ஆறு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தெற்கே வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுற்றுகின்றன. கடற்கரையில் கூடங்குளம், ஒவ்வொன்றும் ஆயிரம் மெகாவாட்டாக இரண்டு உலைகள் ஓடுகின்றன. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கம்பெனி 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார்த் தொழிற்சாலையைத் திறந்தது பக்கத்துத் தூத்துக்குடியில்தான். எந்த யூனிட் எங்கிருந்து வந்தது என்று கம்பிக்குத் தெரியாது, உண்மைதான். ஆனாலும் பெட்ரோலுக்கு எங்கேயோ பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊரில், ஆறும் காற்றும் ஓட்டுகிற வண்டியில் ஏறினால் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

இறக்கத்தில் இன்னொரு வேடிக்கை. அண்ணாச்சி ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டி தானாகவே வேகம் குறைந்தது. மீட்டரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிற அடையாளம் மின்னியது. உருளுகிற சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் டைனமோவாக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. “ஏறயில கடன் வாங்குதோம், எறங்கயில வட்டியாவது கெட்டணும்லா” என்றார். சார்ஜ் செய்வது எப்படி என்று கேட்டேன். ராத்திரி வீட்டில் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் சொருகிவிட்டுப் படுத்தால் விடியும்போது வண்டி தயார். வண்டியின் அளவைப் பொறுத்து ஏழெட்டு யூனிட்டிலிருந்து பன்னிரண்டு யூனிட் வரை பிடிக்குமாம். ஒரு நாள் சவாரிக்கு அது தாராளம் என்றார்.

குறை ஒன்று உண்டு. வண்டி வருவதே தெரியாததால் ரோட்டில் நடப்பவர்கள் ஒதுங்குவதில்லை, மாடும் ஒதுங்குவதில்லை. அண்ணாச்சி சந்துக்குச் சந்து ஹாரனைத் தட்டிக்கொண்டே வந்தார். அதுவும் பழகிவிட்டது.

திரும்பி வந்து குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே பாறையோடு பாறையாக முருகன் கோயில். மேற்கே, தண்ணீர் வரும் பக்கத்து மதிலைப் படகின் முனைபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வந்து மோதினால் இரண்டாகப் பிரிந்து போய்விடும். கையால் தடவிப் பார்த்தேன். கல்லில் வெள்ளம் உரசிய வழவழப்பு. இடுக்குகளில் காய்ந்த வண்டல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தக் கோயில் மூழ்கியே போனது. வடிந்ததும் கழுவிவிட்டுப் பூஜையைத் தொடங்கிவிட்டார்கள். திருச்செந்தூர் முருகனுக்குச் சிலை வடித்த கல் இங்கிருந்து போனது என்பது ஊர் ஐதீகம். அம்மா படியில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டாள். எழுந்து வர மனமில்லை, அண்ணாச்சியும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு ஈரடுக்கு மேம்பாலம். ஜங்ஷனையும் டவுனையும் சேர்க்கும் இதற்குத் திருவள்ளுவர் பெயர், 1973-ல் திறந்தது. ரயில் பாதைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோடு! சின்ன வயதில் பஸ்ஸில் மேல்தட்டில் போனால்தான் பெருமை. ஆட்டோவுக்குக் கீழ்த்தட்டு, தூண்களுக்கு நடுவே வெயிலும் நிழலும் மாறி மாறி விழ, அந்தப் போக்கும் ஒரு சுகம்தான்.

டவுனுக்குள் நுழையும்போது அந்தி. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ரத வீதிகள் நான்கிலும் வலம் வந்தோம். ஆனித் தேரோட்டத்தில் தேர் வருகிற அதே வீதிகள். உள்ளே தாமிர சபை இருக்கிறது. ஒரே கல்லில் கொத்துக் கொத்தாகச் செதுக்கி, தட்டினால் ஸ்வரம் பேசுகிற தூண்கள் இருக்கின்றன. வெளியே கடைக்காரர்கள் கூவல், பூக்காரம்மாவின் வாக்குவாதம், எங்கிருந்தோ நாகஸ்வரம். எல்லாம் வண்டிக்குள் வந்து போனது.

கடைசியில் கீழ ரத வீதி. கரண்டைக் கொண்டாடிக்கொண்டே வந்த பயணம் போய் நின்றது இருட்டுக்கடையில்! அலங்கார விளக்கு இல்லை. சாயங்காலம் திறந்தால் வரிசை நீளும். சரக்கு தீர்ந்தால் கடை மூடும். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டினால் எங்கேயும் அல்வா வரும். இந்த ருசி வருவது தாமிரபரணித் தண்ணீரால்தான் என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். வாழையிலைத் துண்டில் சூடாக வாங்கி, வண்டியில் உட்கார்ந்தபடியே வழித்துச் சாப்பிட்டோம். விரலில் நெய், தொண்டையில் இனிப்பு, காதில் அம்மாவின் கல்லூரிக் கதை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895-ல் ஓடியது நம் சென்னையில். 1953-ல் அதை நிறுத்திவிட்டோம். அந்த முன்னோடித்தனத்தை மீட்க நெல்லைக்கு நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது. மாநகராட்சியும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து, கதை தெரிந்த ஓட்டுநர்களுக்குக் கொஞ்சம் பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுத்து, இதே பாதைக்கு நியாயமான கட்டணம் எழுதி ஜங்ஷன் வாசலில் ஒரு பலகை வைத்தால் போதும். லிஸ்பன்காரன் வந்து படம் எடுத்துக்கொண்டு போவான்.

அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். மதியம் வெயில் தாழ்ந்ததும் கிளம்புங்கள். வாடகையை முதலிலேயே பேசிவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஜங்ஷனில் பச்சை நம்பர் பிளேட்டைத் தேடினால் போதும். பேசத் தெரியாத ஆட்டோக்காரர் திருநெல்வேலியில் கிடையாது.